வாள் பட்டது... வெட்டு விழவில்லை! ஆர்.பி.ஜி கேம்களில் ஜெயிப்பது உங்கள் விரலா, கேரக்டரின் லெவலா?

கடற்கரையோரம் ஒரு நண்டு. சாதாரண நண்டு இல்லை, நாய்க்குட்டி சைஸில் இருக்கும். அதன் எதிரே நீங்கள், கையில் வாளோடு. பட்டனை அழுத்துகிறீர்கள். வாள் நண்டின் முதுகில் குறுக்கே இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறீர்கள். நண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வீசுகிறீர்கள். காற்றைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஐந்தாறு வீச்சு இப்படியே வீணாகப் போக, நண்டு உங்கள் உயிரில் பாதியைக் கிள்ளி எடுத்திருக்கும்.

2002-ல் வெளிவந்த 'மாரோவிண்ட்' கேமை முதன்முறையாக விளையாடியவர்களில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் உருவாக்கிய இந்த கேமை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுகிறவர்களே அந்த நண்டைப் பற்றிக் கேட்டால் பல்லைக் கடிப்பார்கள். கேம் ஹேங் ஆகவில்லை, கோளாறும் இல்லை. திரைக்குப் பின்னால் கேம் ஒரு பகடையை உருட்டிப் பார்த்து, 'உன் கேரக்டருக்கு இன்னும் வாள் வீசத் தெரியாது' என்று முடிவு செய்துவிட்டது. அவ்வளவுதான்.

உங்கள் விரல் சரியாகச் செய்தது. கேரக்டரின் கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொல்வது செல்லும்? இந்த ஒரு கேள்விக்கு பதில் தேடித்தான் ஆர்.பி.ஜி கேம்களை உருவாக்குகிறவர்கள் பல வருடங்களாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

அதென்ன ஆர்.பி.ஜி?

வீட்டில் கேம் விளையாடுகிற பிள்ளை இருந்தால், 'இன்னும் ரெண்டு லெவல் ஏத்திட்டு வந்து சாப்பிடுறேம்மா' என்ற டயலாக்கைக் கேட்டிருப்பீர்கள். ஆர்.பி.ஜி என்பது 'ரோல் பிளேயிங் கேம்' என்பதன் சுருக்கம். ஒரு கேரக்டராக மாறி, அந்தக் கதைக்குள் வாழ்வது. அந்தக் கேரக்டருக்கு பலம், வேகம், அறிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். இவற்றைத்தான் 'ஸ்டாட்ஸ்' என்கிறார்கள். சண்டை போடப் போட அனுபவப் புள்ளிகள் சேரும், லெவல் ஏறும், எண்கள் கூடும்.

இதன் தொடக்கம் கம்ப்யூட்டரில் இல்லை, சாப்பாட்டு மேஜையில். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். தாள், பென்சில், பகடை மட்டும் போதும். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே விளையாட வேண்டும்.

'நான் அந்த பூதத்தை வெட்டுகிறேன்' என்று நீங்கள் சொன்னால் போதாது. இன்று விளையாடப்படும் விதிகளின்படி 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு உங்கள் கேரக்டரின் பலத்துக்கான போனஸையும் பயிற்சிக்கான போனஸையும் கூட்ட வேண்டும். பலம் 16 என்றால் 3 கூடும். பலம் 10 என்றால் ஒன்றும் கூடாது. மொத்தம் எதிரியின் கவச எண்ணை எட்டினால்தான் வெட்டு விழும். (தாயம் விழாமல் ஒரு காயைக்கூட இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.)

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நிஜத்தில் நீங்கள் ஒல்லிப்பிச்சானாக இருக்கலாம். முழங்கால் வலிக்காரராக இருக்கலாம். மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது உங்களை யாரும் வாளைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை. உங்கள் கேரக்டரின் பலம் 18 என்றால், அந்தக் கதையில் நீங்கள் பீமன். நாம் இல்லாத ஒருவராக நம்மை ஆக்குவதற்குத்தான் அந்த எண்கள் வந்தன.

ஜப்பானில் 1986-ல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' இதை டி.வி-க்குக் கொண்டுவந்து வீடு வீடாகச் சேர்த்தது. யூஜி ஹோரி வடிவமைத்த அந்த கேமில் சண்டை என்றால் மெனுவில் 'தாக்கு', 'மந்திரம்' என்று தேர்ந்தெடுப்பது மட்டும்தான். நீங்கள் ஒரு முறை, எதிரி ஒரு முறை. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாஸை ஜெயிக்க முடியவில்லையா? வெளியே போய்ச் சின்னச் சின்ன எதிரிகளை அடித்து லெவலை ஏற்றிக்கொண்டு வாருங்கள். பொறுமை இருக்கிற யாரும் கடைசிவரை போய்விடலாம். விரல் வேகம் தேவையே இல்லை.

இதுவரை பிரச்னை வரவில்லை. ஏனென்றால், வாள் எதிரியின் மேல் பட்டதா என்பதை நீங்கள் பார்க்கவே இல்லை. 'அடி தவறியது' என்று எழுத்தில் வந்தால் நம்பிக்கொள்வீர்கள்.

கண் பார்த்ததை கேம் மறுத்தால்...

கேமரா கேரக்டரின் கண்ணுக்குள் போனபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. மாரோவிண்ட் அங்கேதான் மாட்டிக்கொண்டது. வெளியே பார்த்தால் முப்பரிமாண சண்டை. உள்ளே மேஜைப் பகடை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். ஆயுதத் திறமை எண், அதோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டி, உடல் களைப்புக்கு ஏற்றபடி பெருக்க வேண்டும். களைப்பே இல்லை என்றால் 1.25 மடங்கு. முழுக்கக் களைத்துப்போயிருந்தால் 0.75 மடங்கு.

வாள் பழகாத கேரக்டருக்கு ஆரம்பத் திறமை 5. சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் தலா 40 என்று வைத்துக்கொள்வோம். 5-ம் 8-ம் 4-ம் சேர்த்து 17. தெம்பாக இருந்தால் 100 வீச்சுக்கு சுமார் 21 படும். களைத்திருந்தால் 13-கூட இல்லை. எதிரி விலகித் தப்பும் திறன் இதிலும் கழியும். வாளையே முக்கியத் திறமையாகத் தேர்ந்தெடுத்திருந்தால் ஆரம்பமே 30, தெம்பாக இருக்கும்போது பாதிக்கு மேல் படும்.

புதிதாக விளையாடுகிறவர் என்ன செய்வார்? கையில் கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு நண்டை நோக்கி ஓடுவார். இந்த கேமில் ஓடினாலே களைப்பு ஏறும். ஆக, மோசமான ஆயுதம், காலியான தெம்பு, 13 சதவிகிதத்துக்கும் குறைவான வாய்ப்பு! கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் அதை விளையாட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. திரையில் தெரிவது ஒன்று, நடப்பது வேறொன்று.

பெதஸ்டா அடுத்த கேமில் பாடம் கற்றுக்கொண்டது. 2006-ல் வந்த 'ஆப்லிவியன்'-ல் வாள் பட்டால் பட்டதுதான். திறமை எண் கூடினால் அடியின் வலு கூடும். இந்தப் பாதி சரியானது. இன்னொரு பாதியில் வேறு குழியில் விழுந்தார்கள். உங்கள் லெவல் ஏற ஏற, எதிரிகளின் லெவலும் கூடவே ஏறும். ஆரம்பத்தில் கிழிந்த தோல் கவசம் போட்டிருந்த வழிப்பறிக் கொள்ளையர்கள், நீங்கள் பெரிய ஆள் ஆனதும் அரண்மனை விலை பெறும் கண்ணாடிக் கவசத்தில் மின்னிக்கொண்டு வந்து 100 காசு கேட்டு மிரட்டுவார்கள். அந்தக் கவசத்தை விற்றாலே வீடு வாங்கலாமே அப்பா!

சிரிப்பு ஒரு பக்கம். விஷயம் சீரியஸ். பேச்சுத் திறமை, வியாபாரத் திறமை என்று வளர்த்துக்கொண்டு லெவல் ஏறியவர்கள், சண்டையில் முன்பைவிட பலவீனமாகிவிட்டார்கள். லெவல் ஏறாமலே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று சிலர் முடிவு கட்டினார்கள். உழைத்துச் சேர்த்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்றால், எதற்கு அந்த எண்?

கை நடுங்குகிற கேரக்டர்கள்

மாரோவிண்டுக்கு இரண்டு வருடம் முன்பே, 2000-ல், இதற்கு அழகான ஒரு வழியை 'டியூஸ் எக்ஸ்' காட்டியிருந்தது. வாரன் ஸ்பெக்டர் தலைமையில் அயன் ஸ்டார்ம் நிறுவனம் செய்தது. துப்பாக்கி கேம்தான், ஆனால் கேரக்டருக்குத் திறமை எண்கள் உண்டு. பழகாத துப்பாக்கியை எடுத்தால் குறி பார்க்கும் வட்டம் அகலமாக விரிந்து நிற்கும். அசையாமல் நின்றால் மெதுவாகச் சுருங்கும். திறமை கூடக் கூட வேகமாகச் சுருங்கும்.

பாருங்கள், இங்கேயும் எண்தான் தவறவைக்கிறது. ஆனால் தவறப்போகிறது என்பது சுடுவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிகிறது. காத்திருக்கலாமா, கிட்டப் போகலாமா, சண்டையே வேண்டாமா என்று முடிவெடுப்பது நீங்கள். பழி பகடையின் மேல் போவதில்லை.

இந்த யோசனையைக் கடைசிவரை இழுத்துப் போனவர்கள் செக் நாட்டின் வார்ஹார்ஸ் நிறுவனத்தினர். 2018-ல் வந்த அவர்களுடைய 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' கதை, 1403-ம் வருட பொஹிமியாவில் நடக்கிறது. ஹீரோ ஹென்றி, கொல்லரின் மகன். மந்திரம் இல்லை, வரம் இல்லை. வாள் செய்யத் தெரியும், வீசத் தெரியாது. வில்லை எடுத்தால் கை ஆடும், குறி பார்க்கத் திரையில் புள்ளிகூடக் கிடையாது. எழுதப் படிக்கவும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் கலைந்து, குழம்பிக் கிடக்கும். ஓர் எழுத்தரிடம் போய்ப் பாடம் கற்ற பிறகுதான் அவை வார்த்தைகளாகத் தெளிய ஆரம்பிக்கும். கேரக்டரின் அறியாமையை இதைவிட நேர்மையாக எப்படிக் காட்ட முடியும் என்று தெரியவில்லை.

சண்டையும் அப்படித்தான். கேப்டன் பெர்னார்டு என்ற தளபதியிடம் பயிற்சிக் களத்தில் மரக்கத்தியோடு நின்று அடி வாங்க வேண்டும். அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஹென்றியின் எண்கள் ஏறுகின்றன. எதிரியின் தோள் அசைவைப் பார்த்து எப்போது பட்டனை அழுத்த வேண்டும் என்பது விளையாடுகிறவரின் கைக்கும் பிடிபடுகிறது. கொஞ்ச நாள் கழித்து ஒரு திருடனை வீழ்த்தும்போது, ஜெயித்தது ஹென்றியா நீங்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

குறை இல்லாமல் இல்லை. பெர்னார்டு கற்றுத்தரும் ஒரு எதிரடியைப் பழகிவிட்டால், அதன் பிறகு ஒற்றைக்கு ஒற்றை சண்டைகள் சப்பென்று ஆகிவிடும். எதிரி வெட்ட வரும்வரை காத்திருந்து, திருப்பி அடிப்பது மட்டும்தான் வேலை.

தப்புக்கு என்ன விலை?

சரி, இன்றைக்கு இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் உதாரணம் காட்டும் கேமுக்கு வருவோம். 'எல்டன் ரிங்'. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், ஹிடேடகா மியாசாகி இயக்கத்தில் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. 2024 ஜூனுக்குள் 2.5 கோடி பிரதிகளைத் தாண்டியது. 'கஷ்டமான கேம்' என்ற பெயரோடு இவ்வளவு விற்றது சும்மா இல்லை.

இதில் பகடையே கிடையாது. எதிரியின் கத்தி உங்கள் மேல் பட்டால் அடி. நீங்கள் சரியான கணத்தில் உருண்டால், அந்தக் கணத்துக்கு மட்டும் எந்த அடியும் உங்களைத் தொடாது. அந்தக் கணம் அரை நொடிகூட இல்லை. சீக்கிரம் உருண்டாலும் செத்தீர்கள், தாமதித்தாலும் செத்தீர்கள். அதை முடிவு செய்வது முழுக்க உங்கள் விரல்.

அப்படியானால் எண்களுக்கு என்ன வேலை? உயிரின் நீளத்தைத் தீர்மானிக்கிற 'விகர்' என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விகர் 10 என்றால் உயிர் 414. விகர் 40-ல் அது 1,450. 60-ல் 1,900. ஒரு பாஸின் அடி 500 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் ஆள் ஒரே அடியில் காலி. இரண்டாவது ஆள் இரண்டு அடி தாங்கி, மூன்றாவதில் விழுவார். மூன்றாவது ஆள் மூன்று அடி வாங்கியும் நிற்பார்.

அதாவது, எப்போது தப்பு செய்வீர்கள் என்பதை உங்கள் கை முடிவு செய்கிறது. அந்தத் தப்புக்கு என்ன விலை என்பதைக் கேரக்டரின் எண் முடிவு செய்கிறது. இரண்டும் ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடுவதில்லை. என் பார்வையில் இந்த கேம் ஜெயித்த இடம் இதுதான்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 40-லிருந்து 60-க்கு விகரை ஏற்றினால் 450 உயிர் கூடும். 60-லிருந்து உச்சமான 99 வரை 39 புள்ளிகளைக் கொட்டினாலும் கூடுவது 200தான். ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணை மட்டும் நம்பாதே என்று கணக்கே கையைப் பிடித்து நிறுத்துகிறது. கவசத்திலும் அப்படித்தான். கனமான இரும்புக் கவசம் அடியைக் குறைக்கும். ஆனால் தூக்கக்கூடிய மொத்த எடையில் 70 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டால் கேரக்டர் அரிசி மூட்டை மாதிரிதான் உருளும். எண்ணை வாங்கினால் விரலுக்கு வேலை கூடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்கள்.

இதே நிறுவனம் இதே விஷயத்தில் சறுக்கியதும் உண்டு. 2014-ல் வந்த 'டார்க் சோல்ஸ் 2'-ல், உருளும்போது அடி படாமல் இருக்கிற அந்தக் கணத்தின் நீளத்தையே ஒரு எண்ணோடு கட்டிவிட்டார்கள். 'அடாப்டபிலிட்டி' என்று அதற்குப் பெயர். அந்த எண் குறைவாக இருந்தால், சரியான நேரத்தில் உருண்டாலும் கத்தி பட்டுவிடும். முந்தைய கேமில் நூறு மணி நேரம் பழகிய விரல்கள் திடீரென்று பொய்யாகிப்போயின. ரசிகர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். நண்டு கதைதான், வேறு உடையில்! அடுத்து வந்த கேமில் அந்த எண்ணையே காணோம்.

எண்ணை அநேகமாகத் தூக்கியே போட்டுவிட்டும் பார்த்தார்கள். 2019-ல் வந்த அவர்களுடைய 'செகிரோ'-வில் வழக்கமான லெவல் கிடையாது. பெரிய எதிரிகளை வென்றால்தான் வலு கூடும். வெளியே போய்ச் சின்ன எதிரிகளை அடித்துத் தேறி வரலாம் என்ற வாசல் கிட்டத்தட்ட மூடப்பட்டுவிட்டது. அந்த வருடத்தின் சிறந்த கேம் விருது கிடைத்தது. கூடவே, 'ஈஸி மோடு வேண்டும்', 'கூடவே கூடாது' என்று உலகம் முழுக்க சண்டையும் கிளம்பியது.

எல்டன் ரிங்கில் அந்த வாசல் மறுபடி திறந்தது. ஜெயிக்க முடியாத பாஸா? வரைபடம் விரிந்து கிடக்கிறது, வேறு பக்கம் போய் வலுவேற்றிக்கொண்டு வரலாம். ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், முகம் தெரியாத இன்னொரு பிளேயரைக்கூட அழைக்கலாம். மெலீனியா என்ற பாஸ் இருக்கிறாள். அவள் உங்களை அடிக்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு உயிர் ஏறும். அவளிடம் தோற்றுக் களைத்தவர்கள் துணைக்கு அழைத்தபோது ஒரு பிளேயர் வந்து நின்றார். இடுப்பில் துணி, தலையில் கவிழ்த்த ஜாடி, வேறு கவசம் எதுவும் இல்லை. 'அவளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட பெயரே. மற்றவர்களுக்காக ஆயிரம் தடவைக்கு மேல் அவளை வீழ்த்தினார். கேமை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனம் அவருக்கு நிஜ வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது.

ஜாடிக்காரரும், ஆவிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஜெயித்தவரும் ஒரே கதையின் முடிவைத்தான் பார்த்தார்கள்.

நூறு லெவல் ஏறியவர்களே தோற்ற கதை

2024 ஜூன் 21-ல் எல்டன் ரிங்கின் கூடுதல் பகுதியான 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' வெளிவந்தது. முதல் பகுதியில் நூறு, நூற்றைம்பது லெவல் ஏறிய ஜாம்பவான்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலிலேயே இரண்டே அடியில் சுருண்டு விழுந்தார்கள். ஸ்டீம் தளத்தில் பயனாளர் மதிப்பீடு 'கலவையானது' என்ற அளவுக்கு இறங்கியது. எல்டன் ரிங்குக்கே இந்தக் கதியா என்று இணையம் அலறியது.

காரணம் இதுதான். புதிய நிலப்பகுதிக்கென்று தனியாக ஒரு எண்ணை வைத்திருந்தார்கள். ஆங்காங்கே ஒளித்துவைத்த 50 துண்டுகளைத் தேடிச் சேர்த்தால் அந்த எண் 20 வரை ஏறும். ஒவ்வொரு படிக்கும் நீங்கள் கொடுக்கும் அடி கூடும், வாங்கும் அடி குறையும். பழைய லெவல்கள் கொஞ்சம்தான் உதவும். நோக்கம் நியாயமானது. 90-ம் லெவலில் வருகிறவருக்கும் 200-ம் லெவலில் வருகிறவருக்கும் ஒரே பாஸை எப்படிச் சமமாக வைப்பது? எல்லாரையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, ஊரைச் சுற்றிப் பார்க்கிறவருக்கு வலு கொடுப்பது.

ஆனால் பலர் துண்டுகளைத் தேடாமல் நேராகப் பாஸிடம் போய் முட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுவனம் அப்டேட் ஒன்றைக் கொடுத்தது. பாஸின் அசைவுகளை மெதுவாக்கவில்லை, விரலுக்கான டைமிங்கைத் தொடவில்லை. அந்த எண்ணின் முதல் பாதிப் படிகளில் கிடைக்கும் பலனைக் கூட்டினார்கள், பின்பாதியில் ஏற்றத்தைக் கொஞ்சம் சமப்படுத்தினார்கள். தப்பின் விலையைத்தான் மாற்றினார்கள், தப்பு எது என்பதை மாற்றவில்லை.

மெனுவும் விரலும் கைகோத்தால்?

மெனு பாணி சண்டைக்குள் விரலைக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். 1996-ல் வந்த 'சூப்பர் மாரியோ ஆர்.பி.ஜி'-யில் அடி விழும் கணத்தில் பட்டனைத் தட்டினால் கூடுதல் சேதம். தட்டாவிட்டாலும் குடி முழுகாது. குழந்தைகளுக்கான போனஸ் மாதிரி.

2025 ஏப்ரலில் பிரான்ஸின் சாண்ட்ஃபால் நிறுவனம் வெளியிட்ட 'க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' இதைப் பல மடங்கு பெரிதாக்கியது. உங்கள் முறையில் மெனு, நிதானமாக யோசிக்கலாம். எதிரியின் முறையில் சும்மா உட்கார முடியாது. விலக வேண்டும், அல்லது சரியான கணத்தில் தட்டிவிட வேண்டும். 'பேரி' என்பார்கள். எதிரியின் தொடர் வெட்டுகள் அத்தனையையும் தட்டிவிட்டால் உங்கள் கேரக்டர் திருப்பி ஓர் அடி கொடுக்கும். அதன் சத்தத்துக்காகவே இன்னொரு முறை சாகலாம்! அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான்.

ஆனால் தராசு இரண்டு பக்கமும் சாய்ந்துவிடுகிறது. எல்லாவற்றையும் தட்டிவிடத் தெரிந்தவருக்கு உயிர் எண் எவ்வளவு இருந்தால் என்ன, அடியே படாதே! இன்னொரு பக்கம், கதையின் பெரும்பகுதியில் ஒரு அடிக்கு 9,999 சேதம்தான் உச்சவரம்பு. கடைசிப் பகுதியில் அந்த வரம்பை உடைக்கிற வசதி கிடைத்ததும், திறன்களை அடுக்கத் தெரிந்தவர்கள் பாஸ் கையை ஓங்குவதற்கு முன்பே கதையை முடித்துவிடுகிறார்கள். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசில்லை. கணக்குப் போட்டு ஜெயிப்பதும் ஒரு திறமைதானே. ஆனால் கதைப்படி மனதை உலுக்க வேண்டிய சண்டை பத்து நொடியில் முடிந்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

விரல் ஒத்துழைக்காதவர்கள் என்ன செய்வது?

'கஷ்டம் என்றால் விளையாடாதே' என்று சொல்வது சுலபம். வயது ஏற ஏற விரல் வேகம் குறையும். கை நடுக்கம் உள்ளவர்கள், ஒற்றைக் கையால் விளையாடுகிறவர்கள், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிற அப்பாக்கள், அம்மாக்கள் எல்லாருக்கும் கதை வேண்டும். ஆர்.பி.ஜி-யில் எண்கள் பிறந்ததே அப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் எனும்போது, விரல் வேகத்தை மட்டும் டிக்கெட்டாகக் கேட்பது சரியில்லை.

2020-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்'-ல் 'கிளாசிக்' என்ற முறை உண்டு. ஓடுவது, வெட்டுவது, தடுப்பது எல்லாம் கேரக்டரே பார்த்துக்கொள்ளும். எந்த மந்திரம், எந்த ஆயுதம் என்று நீங்கள் மெனுவில் முடிவெடுத்தால் போதும். 2023-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 16' இன்னும் நாசூக்காக யோசித்தது. விரலில் போட்டுக்கொள்ள மோதிரங்கள். ஒரு மோதிரம் அடி விழும் நேரத்தில் காலத்தை மெதுவாக்கி, 'இப்போது பட்டனை அழுத்து' என்று காட்டும். இன்னொன்று தானாகவே விலகிக்கொள்ளும். எந்த உதவி வேண்டுமோ அதை மட்டும் போட்டுக்கொள்ளலாம், பழகிய பிறகு கழற்றிவிடலாம். பாஸின் பலத்தை மொத்தமாகப் பாதியாக்குவதைவிட இது மரியாதையான வழி.

எண்ணுக்கு விலைச்சீட்டு ஒட்டினால்...

இதுவரை சொன்னது பெரும்பாலும் கம்ப்யூட்டர், கன்சோல் சமாசாரம். நம்மில் பலர் விளையாடுவது இதே போனில்தான். அங்கே தராசில் மூன்றாவதாக ஒரு தட்டு சேருகிறது, பர்ஸ்.

'கென்ஷின் இம்பேக்ட்' 2020-ல் வந்த இலவச கேம். சண்டை ரசனையானது, விரலுக்கு நல்ல வேலை. ஆனால் சிறந்த கேரக்டர்கள் குலுக்கலில்தான் கிடைக்கும். ஐந்து நட்சத்திரக் கேரக்டரோ ஆயுதமோ விழ ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவிகித வாய்ப்பு. 90-வது குலுக்கலில் ஒன்று நிச்சயம். கேரக்டருக்கு வலுவேற்றும் பரிசுகளை வாங்கத் தேவைப்படும் 'ரெசின்', 8 நிமிடத்துக்கு 1 என்ற கணக்கில்தான் ஊறும். பெரும்பாலான இடங்களில் ஒரு முறை பரிசு எடுக்க 20 வேண்டும், அதாவது 160 நிமிடக் காத்திருப்பு. அவசரப்படுகிறவர்களுக்குக் கடை திறந்தே இருக்கிறது. இருந்தாலும் இது பெரும்பாலும் தனியாக விளையாடும் கேம் என்பதால், காசு போடாதவரும் கதையைத் தாராளமாக முடிக்கலாம்.

2022-ல் வந்த 'டயாப்ளோ இம்மார்ட்டல்'-ல் நிலைமை வேறு. அங்கே பிளேயரோடு பிளேயர் மோதுகிறார். வலுவைக் கூட்டும் அபூர்வ ரத்தினக் கற்கள் கிடைக்கும் வாய்ப்பைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். எதிரே நிற்பவர் கொட்டிய பணத்தை உங்கள் டைமிங்கால் ஈடுகட்டிவிட முடியாது. இந்தக் குலுக்கல் முறைகளுக்கு எதிரான சட்டச் சூழல் காரணமாக பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இந்த கேம் வெளியிடப்படவே இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கேமில் மாட்டிக்கொண்டு 'அம்மா, ஒரே ஒரு பேக் வாங்கித் தா' என்று கேட்டால், போனை வாங்கி அந்த பாஸோடு நான்கைந்து முறை மோதிப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறானா? அப்படியென்றால் அவன் விரல் கற்றுக்கொண்டிருக்கிறது, காசு வேண்டாம், நாளைக்கு ஜெயித்துவிடுவான். ஒரு தப்பும் செய்யாமல் விளையாடியும் எதிரியின் உயிர்ப்பட்டை அசையவே இல்லையா? அப்போது லெவல் ஏற்றும் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அங்கே என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். இன்னும் பத்து எதிரிகளை அடித்துவிட்டு வா என்கிறதா, கார்டு நம்பரைப் போடு என்கிறதா என்று.